பச்சை வயர் எங்கே போகிறது?

குளியலறையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு குடும்பமும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி

"ஷவரைத் தொட்டா சுர்ருங்குதுடா."

சித்தி போனில் இதைச் சொன்னபோது, புதுப்பித்த குளியலறைக்கு வயது பதினொரு நாள். தாம்பரத்தை அடுத்த பழைய வீடு, 1980களில் கட்டியது. பழைய சிமென்ட் தரையைக் கொத்தி எடுத்து, சுவரில் ஆளுயரத்துக்கு டைல்ஸ், புது மிக்ஸர், புது ஷவர் என்று ஆசையாகச் செய்திருந்தார்கள். கீசர் மட்டும் பழையது. "ஈரக் கையோட தொட்டிருப்பீங்கம்மா. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்க" என்று வேலை செய்த எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். சித்தியும் மூன்று நாள் செருப்போடு குளித்திருக்கிறார்.

நான்காம் நாள், எனக்குப் பழக்கமான வயர்மேன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். முப்பது வருட அனுபவம் உள்ளவர். முதல் வேலையாக மெயினை அணைத்தார். கீசர் பிளக்கைப் பிடுங்கி, சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்கும் மீட்டர் பெட்டியிலிருந்த எர்த் கம்பிக்கும் இடையே மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. சாக்கெட்டைக் கழற்றினார். பச்சை வயர் இருந்தது. ஒழுங்காக முடுக்கியும் இருந்தது. அது சுவருக்குள் எங்கே போகிறது என்று தேடி, ஒரு டைலை உடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு, அதில் பச்சை வயரை முறுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலை. குழாய் மண்ணுக்குள் ஓடியதால் அதையே எர்த்தாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது பிளம்பர் அந்த ஜி.ஐ. குழாயை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு சி.பி.வி.சி. பைப் போட்டிருக்கிறார். நடுவில் மிஞ்சிய ஒரு முழத் துண்டு மட்டும் கிளாம்ப்போடு சுவருக்குள் கிடந்தது.

"எர்த் வயர் இருக்கு தம்பி. எர்த்துதான் இல்ல" என்றார் வயர்மேன்.

பிளம்பர் குழாயை மாற்றினார். எலக்ட்ரீஷியன் புது சாக்கெட் வைத்தார். டைல்ஸ்காரர் சுவரை மூடினார். எர்த் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

கரண்ட் ஷவருக்கு வந்த வழி

கீசருக்குள் இருக்கும் காயில், ஓர் உலோகக் குழலுக்குள் வெள்ளைப் பொடி நிரப்பி, அதன் நடுவே புதைத்த கம்பி. அந்த மக்னீசியம் ஆக்சைடு பொடி வெப்பத்தைக் கடத்தும், கரண்ட்டை விடாது. போர் தண்ணீரின் உப்பு வருடக்கணக்கில் குழலின் மேல் படிந்து அரித்து, ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துவிட்டால் போதும். பொடி ஈரமாகிவிடும். கரண்ட் கீசரின் தொட்டிக்குக் கசியும்.

எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொட்டியிலேயே காத்திருக்கும். தொட்டியிலிருந்து மிக்ஸருக்கு வருவது ஸ்டீல் பின்னல் போட்ட இணைப்புக் குழாய். உள்ளே ரப்பர், வெளியே உலோகப் பின்னல், இரண்டு முனையிலும் பித்தளை நட்டு. பளபளவென்று இருக்கும் அந்தப் பின்னலே கீசரின் கரண்ட்டை மிக்ஸருக்கும், அங்கிருந்து ஷவருக்கும் கொண்டுவந்து விடும். சுவருக்குள் எல்லாம் பிளாஸ்டிக் பைப்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

சித்தி வீட்டில் அன்று கசிவு சிறியது. அதனால் சுர்ரென்றதோடு போயிற்று. காயில் இன்னும் கொஞ்சம் பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஈரத் தோலின் கணக்கு

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். தலை முதல் கால் வரை நனைந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவருக்கு அந்தக் காப்பு கிடையாது. அப்போது கையிலிருந்து கால் வரை உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

1 மில்லி ஆம்பியர் அளவிலேயே உடல் உணரத் தொடங்குகிறது. சுமார் 10 மில்லி ஆம்பியரில் தசை இறுகிக்கொள்ளும். பிடித்த குழாயை விட நினைத்தாலும் கை விடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். கையை விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவர் கண்டார். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 230 என்பது அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்துப் பதிவுகள் காட்டுகின்றன. அதில் அறுந்து விழுந்த கம்பியும் உண்டு, வயல் மோட்டாரும் உண்டு. வீட்டுக்குள் நடப்பவையும் உண்டு. வீட்டுக்குள் நடப்பதையாவது நம்மால் தடுக்க முடியும்.

ட்ரிப்பர் இருக்கிறதே!

"நம்ம வீட்ல எல்லாத்துக்கும் ட்ரிப்பர் போட்டிருக்கு" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். அவர்கள் சொல்வது எம்.சி.பி.யை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாண்டிக் கரண்ட் ஓடினால்தான் விழும். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியரே தாராளம். அந்த வித்தியாசம் எம்.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாது.

எர்த் நன்றாக இருந்தால் எம்.சி.பி. விழுமா? அதையும் போட்டுப் பார்ப்போம். வீட்டு எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வையுங்கள். உப்பும் கரியும் போட்டுப் புதைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றாத குழிகளில் இதைவிட மோசமாகவும் இருக்கும். கீசரின் தொட்டிக்கு முழு 230 வோல்ட்டும் வந்துவிட்டாலும் மண்ணுக்குப் போகும் கரண்ட் 11.5 ஆம்பியர்தான். 2 கிலோவாட் கீசர் சாதாரணமாக இழுக்கும் 9 ஆம்பியரை அதோடு கூட்டினாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாது. கீசர் வேலை செய்யும். தண்ணீர் சுடும். தொட்டியும் மிக்ஸரும் 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும்.

எர்த் வேண்டும், அது மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. எர்த்துக்குத் துணையாக ஆர்.சி.சி.பி. வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் காவல்

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரு நேர்மையான கணக்குப்பிள்ளையின் வேலை. பேஸில் எவ்வளவு கரண்ட் போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ போகிறது, ஒருவேளை ஓர் ஆளின் உடல் வழியாகப் போகிறது என்று பொருள். உடனே இணைப்பைத் துண்டிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அதிகபட்சம் 0.3 நொடி, கசிவு 150 மில்லி ஆம்பியர் ஆனால் 0.04 நொடி.

முன்பு போட்ட கணக்கை இப்போது மறுபடி போடுங்கள். அதே 20 ஓம் எர்த் குழி. 30 மில்லி ஆம்பியர் கசியும்போது தொட்டியில் ஏறும் மின்னழுத்தம் 0.6 வோல்ட். அதற்குமேல் கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். 200 வோல்ட் எங்கே, 0.6 வோல்ட் எங்கே! யாரும் தொடுவதற்கு முன்பே, கீசர் பழுதான அந்தக் கணத்திலேயே இணைப்பு அறுந்துவிடும்.

உடலைப் பற்றிய அந்த ஆய்வுகளைச் செய்த டால்சியல்தான், சில மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவி ஒன்றை 1961இல் உருவாக்கினார். அமெரிக்க மின்விதி, வீட்டுக் குளியலறை சாக்கெட்டுகளுக்கு அத்தகைய காப்பை 1975லேயே கட்டாயமாக்கிவிட்டது. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மிகக் குறைந்த லோடு உள்ளவை நீங்கலாக, வீட்டு இணைப்புகளில் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கசிவுக் காப்பு வேண்டும் என்கின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது. அது சுவரில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஏனென்றால் ஆர்.சி.சி.பி. போட்ட வீடுகளிலும் ஒரு கொடுமை நடக்கிறது. கீசரைப் போட்டால் அடிக்கடி விழுகிறது என்று புகார் சொன்னதும், வருகிறவர் அதை "பைபாஸ்" செய்துவிட்டுப் போய்விடுகிறார். குரைக்கும் நாயைக் கொன்றுவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விழுகிறது என்றால் காயில் கசிகிறது. அல்லது புதுப்பிக்கும்போது குளியலறை லைட்டுக்கு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இழுத்துவிட்டிருக்கிறார்கள். இரண்டையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குளியலறையின் லைட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனும் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ஈ.பி. கரண்ட் போனபின் அந்த லைனுக்கு மெயினிலுள்ள ஆர்.சி.சி.பி. காவல் இல்லை. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் பக்கத்தில் தனியாக ஒன்று போட வேண்டும்.

டியூப் லெவல் சொல்லும் பாடம்

டைல்ஸ் வேலை நடக்கும்போது கொத்தனார் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை எதிர்ச் சுவரிலும் பிடிப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் மட்டம் மாறாது. பாண்டிங் என்பதும் இதே வித்தைதான். மட்டத்துக்குப் பதில் வோல்ட். டியூபுக்குப் பதில் செம்புக் கம்பி.

ஷாக் அடிப்பது வோல்ட் அதிகமாக இருப்பதால் மட்டும் அல்ல; ஒரே நேரத்தில் தொடும் இரண்டு பொருள்களுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் இருப்பதால். ஒரு கையில் மிக்ஸர், மறு கையில் இரும்பு ஜன்னல்; அல்லது ஒரு கையில் குழாய், காலடியில் ஈரத் தரை. குளியலறைக்குள் நாம் தொடக்கூடிய, வெளியிலிருந்து வேறொரு வோல்ட்டைக் கொண்டுவரக்கூடிய உலோகங்களை எல்லாம் ஒரு செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, பிளக்கின் எர்த்தோடும் சேர்த்துவிட்டால், பழுது ஏற்பட்டாலும் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். வித்தியாசம் இல்லாத இடத்தில் உடல் வழியே ஓடக் கரண்ட்டும் இல்லை. ஐ.ஈ.சி. என்னும் சர்வதேச நெறியில் குளியலறைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அது கேட்பது இதைத்தான். இதற்கான செம்புக் கம்பி, பைப்புக்குள் பாதுகாப்பாகப் போனால் குறைந்தது 2.5 சதுர மி.மீ.; அப்படி இல்லாவிட்டால் 4 சதுர மி.மீ.

எதை இணைப்பது, எதை விடுவது? ஜி.ஐ. குழாய், இரும்புக் கழிவுக் குழாய், கான்கிரீட் கம்பியோடு சேர்ந்து நிற்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். எந்த உலோகக் குழாயோடும் சேராமல் சுவரில் தனியாக நிற்கும் ஒரு டவல் கம்பிக்கோ சோப்புத் தட்டுக்கோ பாண்டிங் தேவையில்லை. அது எங்கிருந்தும் எதையும் கொண்டுவராது. ஆபத்து பாதி மாற்றிய வீடுகளில்தான் அதிகம். ஜி.ஐ. குழாயின் நடுவே இரண்டடி பிளாஸ்டிக்கைச் செருகினால், அதற்கு அப்பால் இருக்கும் உலோகம் எல்லாம் எர்த்தை இழந்து தனித்து நிற்கும். சித்தி வீட்டில் நடந்தது அதுதான்.

பிரிட்டனில் குளியலறைக் குழாய்களை எல்லாம் பாண்டிங் செய்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய வயரிங் விதிகளின் 17ஆம் பதிப்பு, சில நிபந்தனைகளோடு அந்தக் கூடுதல் பாண்டிங்கை விட்டுவிடலாம் என்றது. அறையின் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்பு இருக்க வேண்டும். பழுது வந்தால் குறித்த நேரத்துக்குள் இணைப்பு அறுபட வேண்டும். வீட்டுக்குள் நுழையும் உலோகக் குழாய்கள் நுழைவிடத்திலேயே மெயின் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒரு லைனை மட்டும் மாற்ற வந்தவரும் அந்த வேலைக்குத் தேவையான எர்த்தும் பாண்டிங்கும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

நம் குளியலறை வேறு மாதிரி

மேல்நாட்டுக் குளியலறையில் குளியல் தொட்டி ஒரு மூலையில் இருக்கும். மற்ற தரை உலர்ந்திருக்கும். நாம் வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். அறை முழுக்க ஈரம். இதற்கும் அந்தச் சர்வதேச நெறியில் இடம் உண்டு. தொட்டி இல்லாத ஷவர் அறையில், தண்ணீர் வரும் இடத்திலிருந்து 120 செ.மீ. தூரத்துக்குள், தரையிலிருந்து 225 செ.மீ. உயரம் வரை பிளக் சாக்கெட்டோ சாதாரண ஸ்விட்ச்சோ வைக்கக்கூடாது. நம் ஊரின் நான்குக்கு ஆறு அடி குளியலறையில் ஷவரிலிருந்து 120 செ.மீ. அளந்து பாருங்கள். வாசலோரம் ஒரு துண்டு மிஞ்சினால் அதிகம். சுருங்கச் சொன்னால், ஸ்விட்ச் எல்லாம் கதவுக்கு வெளியே போக வேண்டும்.

கீசருக்கு 20 ஆம்பியர் டி.பி. ஸ்விட்ச் வேண்டும். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும். ஒற்றை ஸ்விட்ச் தவறி நியூட்ரலில் மாட்டியிருந்தால், அணைத்த கீசரிலும் பேஸ் உயிரோடு இருக்கும்.

சோதனை விளக்கு சொல்லும் பொய்

எர்த் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு வயரில் கோத்த ஒரு குண்டு பல்பை எடுத்து ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைப்பது வழக்கம். பளிச்சென்று எரிந்தால் "எர்த் சூப்பர்" என்பார்கள். 100 வாட் பல்பின் மின்தடை எரியும்போது 500 ஓமுக்கு மேல். எர்த் 50 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் பல்பின் வெளிச்சம் பெரிதாகக் குறையாது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை எர்த் முனைக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது சோதனை விளக்கு பிரமாதமாக எரியும். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது ஓர் இணைப்பில் விட்டுப்போனாலோ, கம்பத்தில் பழுது பார்க்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலோ, கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். எதுவும் பழுதாகாத, புத்தம்புது கீசரிலும் இது நடக்கும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

சுவரில் காடி வெட்டி பைப் புதைத்தபின், டைல்ஸ்காரர் வருவதற்கு முன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அன்று வேலை செய்ய வருபவர், மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் வைத்திருக்கும் வயர்மேனாக இருக்கட்டும்.

கீசர் பாயின்ட்டிலிருந்து எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டி வரை பச்சை வயர் இடையில் ஒட்டில்லாமல் வருகிறதா? பேஸ் வயர் 4 சதுர மி.மீ. என்றால் எர்த்தும் 4 வேண்டும், 2.5 என்றால் 2.5.

டி.பி. பெட்டியிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா? குழியின் மின்தடையை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

மாற்றிய குழாயில் ஏதாவது எர்த் கிளாம்ப் இருந்ததா என்று பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கவைத்துக் கேளுங்கள். மிஞ்சியிருக்கும் உலோகக் குழாய்களுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் பாண்டிங் போட்டாயிற்றா என்று கண்ணால் பாருங்கள்.

வயரிங் முழுவதன் இன்சுலேஷனையும் 500 வோல்ட் மெக்கர் வைத்துச் சோதித்தார்களா? ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வாங்குங்கள். வீடு முழுவதற்கும் ஒன்று, குளியலறைக்குத் தனியாக ஒன்று என்றால் இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்ததும் நான்கு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தச் சுவரில் ஆணி அடிக்கும்போது உதவும்.

இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு, அலங்காரப் பட்டை டைல்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை எட்டாது.

ஷாக் அடித்தவரைக் கண்டால்

கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். நீங்கள் நிற்கும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். 108ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்று மாலையே

சித்தி வீட்டில் எர்த் குழியிலிருந்து புதிதாக 4 சதுர மி.மீ. பச்சை வயர் இழுத்தோம். ஆர்.சி.சி.பி. போட்டோம். பழைய கீசரை மாட்டி ஸ்விட்ச்சைப் போட்டதும் சட்டென்று விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. காயிலைக் கழற்றிப் பார்த்தால், சுண்ணாம்புப் படிவுக்கு அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சித்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துக் குப்பையில் போட்டார்.

சுர்ரென்பது ஈரத்தின் வேலை அல்ல. உங்கள் வீட்டுச் சுவர் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் ஆங்கில 'T' எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அழுத்துங்கள். கரண்ட் சட்டென்று போக வேண்டும்; மாதம் ஒரு முறை இப்படிச் சோதிக்க வேண்டும். பொத்தான் இல்லையென்றாலோ, அழுத்தியும் கரண்ட் போகவில்லையென்றாலோ, வயர்மேன் வந்து பார்க்கும்வரை கீசரைப் போடாதீர்கள். அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள்.

நாளைக்கு வயர்மேன் வரும்போது அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இந்தப் பச்சை வயர் எங்கே போகுது? காட்டுங்க."